தொண்ணூற்று நான்கு இடங்கள்

மெக்கானிக்கின் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது. அந்தக் குரலில் இனிமை மருந்துக்கும் கிடையாது. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாம் ஒரே தினுசாகத்தான் வெளியே வரும். ஒரு முறை மாமனார் வழுக்கி விழுந்துவிட்டதை இவர் வந்து சொன்ன விதத்தில், மனைவி "சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். கழுவி முடித்த பிறகுதான் அலறினாராம்.

தொழில், தையல் மெஷின் பழுதுபார்ப்பது. இருபத்தாறு வருஷமாக அதே கடை. எட்டாவதோடு படிப்பு நின்றது, ஆனால் படிக்கும் பழக்கம் நிற்கவில்லை. காலையில் கடை திறந்ததும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரை சத்தமாகப் படித்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றும் பாபின்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும். "நான் என்ன பாவம் பண்ணேன், தினமும் காலையில எனக்கு இந்தத் தண்டனை" என்பார். இவர் அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

இன்னொரு குணமும் உண்டு. புது மெஷின் எது வந்தாலும், கூட வரும் குறிப்புப் புத்தகத்தைப் பிரிக்கமாட்டார். அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஓரம் கட்டிவிடுவார். "திறந்து பாத்தா மெஷினே பேசும். அதுக்கு எதுக்குப் புத்தகம்?" என்பது அவர் கட்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒரு நாள் பார்வையற்றோருக்கான வாசிப்பு மையத்திலிருந்து போன் வந்தது. பிரெயில் டைப்ரைட்டர் ஒன்று சிக்கிக்கொண்டது, மூன்று கடையில் கைவிரித்துவிட்டார்கள், வந்து பார்க்க முடியுமா என்று. அந்த மாதிரி மெஷினை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. உடனே கிளம்பிவிட்டார்.

மையம் என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. மாடியில் நாலு அறை. ஒன்றில் அலமாரி நிறையத் தடித் தடிப் பிரெயில் புத்தகங்கள், ஒன்றில் கம்ப்யூட்டர், ஒன்றில் பொறுப்பாளர் அம்மாவின் மேஜை. கடைசி அறை பதிவு அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை நிறுத்திக் கட்டி வைத்திருந்தார்கள். மெஷினில் எழுத்துக்கு ஆறே ஆறு பொத்தான்கள், ஆறு புள்ளிக்கு ஆறு. மெக்கானிக் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தார். பல் தேய்ந்த ஒரு சின்னச் சக்கரம். தையல் மெஷின் உதிரிப் பாகம் ஒன்றை அரத்தால் ராவி அங்கே பொருத்தினார். ஒரு மணி நேரத்தில் மெஷின் 'டக் டக்' என்று ஓட ஆரம்பித்தது.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கவனித்தார். யாரோ கொதிக்கிற எண்ணெயில் வார்த்தைகளைப் போட்டுப் பொரிப்பது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் காதில் ஹெட்போன் இல்லாமல், ஸ்பீக்கரிலேயே அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவான புத்தகங்களைக் கேட்டுப் பிழை குறிப்பது அவர் வேலை. மையத்தில் எல்லோருக்கும் அவர் 'செக்கர்'. கல்லூரி முடித்த வருஷம் ஒரு காய்ச்சலில் பார்வை போனவர்.

"ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா மேடம்? பாக்கட்டுமா?"

"கெட்டுப்போகல அண்ணா. ரெண்டரை மடங்கு வேகத்துல வச்சிருக்கேன். நாங்க எல்லாம் அப்படித்தான் கேப்போம். பாடப் புத்தகத்தை மெதுவா கேட்டா ஆயுசு பத்தாது."

அவர் முகம் சரியில்லை. மெக்கானிக் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லைதான், ஆனாலும் கேட்டுவிட்டார். விஷயம் வந்தது. செக்கர் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படிக்கிறவர். ஒரே ஒரு பேப்பர் பாக்கி, சொத்துரிமைச் சட்டம். போன தடவை புத்தகம் கைக்கு வந்து சேர்ந்தபோது பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது. தேறவில்லை. இந்த முறை விட்டால் கெடு முடிகிறது. ஏற்கெனவே தேறிய பேப்பர்களும் செல்லாமல் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புத்தகம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரைப் படிக்கவிட்டால், அந்த மங்கலான அச்சில் கொம்பும் காலும் பிய்ந்து வெறும் குப்பையாக வருகிறது. பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கிறது.

"அதான் யாரோ படிச்சு வச்சிருக்காங்களே?"

"நாடகக்காரர் ஒருத்தர் படிக்கிறார். அருமையான குரல். குத்தம் சொல்ல வாய் வராது. ஆனா உருகி உருகிப் படிக்கிறார் அண்ணா. 'குத்தகைதாரர்'ங்கறதை அவர் சொல்றப்போ எனக்கே அழுகை வருது. வேகமா வச்சா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. வாரத்துக்கு இருபது பக்கம்."

மெக்கானிக்கிற்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மெஷின் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, மேஜையில் கிடந்த அந்தச் சட்டப் புத்தகத்திலிருந்தே ஒரு பத்தியைத் தான் படிப்பதாகவும், செக்கர் அடித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். படித்தார். செக்கரின் விரல்கள் இரண்டு வரி அடித்துவிட்டு நின்றுவிட்டன.

"அண்ணா, இதை மைக்ல ஒரு பக்கம் படிங்களேன்."

படித்தார். செக்கர் அதை இரண்டரை மடங்கில் ஓடவிட்டார். பிறகு மூன்று மடங்கு. மெக்கானிக்கிற்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் செக்கரின் முகத்தில் வெளிச்சம் போட்டது போலிருந்தது. "ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா நிக்குது!" என்று கத்தியே விட்டார். பொறுப்பாளர் அம்மா ஓடிவந்தார். இருபத்தாறு வருஷமாக மனைவி திட்டித் தீர்த்த குரல், அந்த மாடியில் அன்றைக்குத் தங்கமாகிவிட்டது. நாடகக்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை, பாவம், அவருக்கும் சட்டம் கசந்துதான் இருந்தது. அவருக்கு ஒரு நாவலைக் கொடுத்தார்கள். கதையென்றால் எல்லோரும் மெதுவாகத்தான் கேட்பார்கள்.

தினமும் மதியம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், மெக்கானிக் மெத்தை அறைக்குள் போய்விடுவார். மின்விசிறி ஓடினால் சத்தம் பதியும் என்பதால் அதை நிறுத்தவேண்டும். பத்து நிமிஷத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவரோ பாகம் பாகமாகப் பிரித்துப் போடுகிற ஆள், பக்கத்தையும் அப்படியே பிரித்தார். "அடிக்குறிப்பு ஆரம்பம்" என்பார், படிப்பார், "அடிக்குறிப்பு முடிந்தது" என்பார். அட்டவணை வந்தால், "நான்கு கட்டம், ஏழு வரி, இடமிருந்து சொல்கிறேன்" என்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வாயில் நுழையாத வார்த்தை வந்தால் விடமாட்டார், பொறுப்பாளர் அம்மாவிடம் போய்க் கேட்டு, நாலு தடவை சொல்லிப் பழகி, திரும்பி வந்து படிப்பார். எட்டாவது படித்தவர் அறுநூறு பக்கச் சட்டத்தை ஒரு கை பார்த்தார் என்றால் சும்மாவா! படித்துப் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் இரண்டாம் நாளே தொண்டை வலி என்று நழுவியதை அந்த மாடி பார்த்திருக்கிறது.

செக்கர் பிழைப்பட்டியல் அனுப்புவார். ஒரு நாள் பட்டியலில் இப்படி இருந்தது: 'பக்கம் 41, வரி 6: வயிறு.' மெக்கானிக் அந்த வரியில் வயிறு என்ற சொல்லைத் தேடு தேடென்று தேடினார். சொத்துரிமைச் சட்டத்தில் வயிறு எங்கிருந்து வரும்? கடைசியில் போன் செய்தார்.

"உங்க வயிறுதான் அண்ணா. பசியில கத்துது. நல்லா பதிஞ்சிருக்கு."

மறுநாளிலிருந்து மனைவி சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார். ஐந்து வாரம் ஓடியது. செக்கர் பதிவு வர வரக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முடிந்த அன்று பொறுப்பாளர் அம்மா எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். மெக்கானிக்கிற்குத் தலைகால் புரியவில்லை. முகப்பில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை எடுத்துச் சுத்தம் செய்து தருகிறேன் என்று புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோனார். உண்மையில் வருகிறவர்களிடம் காட்டத்தான். அதுகூட நமக்குத் தெரியாதா என்ன?

காட்டவும் செய்தார். இரண்டு நாள் கழித்து ஒரு தையற்கார அம்மா மெஷினோடு வந்தார். அவருக்கு வாடகை வீட்டுச் சொந்தக்காரரோடு தகராறு.

"நீங்க சட்டமெல்லாம் படிச்சிருக்கீங்களாமே. மூணு மாசம் முன்னாடி சொல்லாம காலி பண்ணச் சொல்லலாமா?"

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தைப் பிரித்தார். "இதோ, தெளிவா போட்டிருக்கு. மூணு மாசம் கண்டிப்பா தரணும்."

தையற்கார அம்மா எட்டிப் பார்த்தார். துணியில் ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. "ஏங்க, இந்த எழுத்து மட்டும் ஏன் சாஞ்சிருக்கு?"

"அது அழகுக்குப் போட்டிருப்பாங்கம்மா."

"சட்டப் புத்தகத்துக்கு என்னங்க அழகு?" என்றார் பாபின் பிரித்துக்கொண்டிருந்த மனைவி. "முதல் பக்கத்துல ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. நீங்கதான் எதையும் முதல்ல இருந்து பாக்கமாட்டீங்களே."

மெக்கானிக் முதல் பக்கத்திற்குப் போனார். முதல் அத்தியாயத்திற்கும் முன்னால், 'வாசகர்களுக்கு' என்று பாதிப் பக்கக் குறிப்பு. பதிவை அவர் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்கியிருந்தார். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: சட்டத் திருத்தங்களால் நீக்கப்பட்ட பகுதிகள், ஒப்பீட்டுக்காகச் சாய்வெழுத்தில் தரப்பட்டுள்ளன.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். சாய்வெழுத்து அங்கங்கே இருந்தது. ஓரிடத்தில் ஒரு வரி, ஓரிடத்தில் அரைப் பக்கம். அத்தனையும் செத்துப்போன சட்டம். அத்தனையையும் அவர் உயிருள்ள சட்டத்தோடு சேர்த்து, ஒரே குரலில், வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகப் படித்து வைத்திருந்தார். சொல் ஒன்றைக்கூட விடவில்லை. எழுத்து சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தானாகத் தெரிகிற ஒன்றைச் சொல்லவேண்டும் என்று கண் இருக்கிறவனுக்குத் தோன்றுவதே இல்லை. மனைவியும் அவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். தொண்ணூற்று நான்கு இடங்கள். பரீட்சைக்குப் பதினோரு நாள்.

தையற்கார அம்மாவின் மெஷினை அப்படியே விட்டுவிட்டு மையத்திற்கு ஓடினார். பொறுப்பாளர் அம்மா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். யோசித்துத்தான் சொன்னார்.

"இப்ப சொல்லாதீங்க. பதினோரு நாள்ல அவ மனசு உடைஞ்சிடும். அறுநூறு பக்கத்துல தொண்ணூத்தி நாலு இடம். பரீட்சையில அதுல இருந்தா கேக்கப்போறாங்க? பரீட்சை முடியட்டும், பொறுமையா திருத்திக்கலாம்."

"கேட்டுட்டா?"

"கேட்டாலும் மத்ததுல மார்க் வாங்கிடுவா. அவளுக்கு எப்படியும் தெரியப்போறதில்லையே."

உண்மைதான், தெரியவே தெரியாது. செக்கர் தேறவில்லை என்றால், தான் சரியாகப் படிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மெக்கானிக்கின் பெயர் எங்கேயும் வராது. கேக் தின்றது தின்றதாகவே இருக்கும். அந்த எண்ணத்தை அவரால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போனார். செக்கர் எதிரில் உட்கார்ந்து, அதே ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

செக்கர் வெடித்தார்.

"மூணு மாசம் நோட்டீஸ்னு போட்ட பிரிவு?"

"நீக்கிட்டாங்கம்மா."

"பாகப் பிரிவினையில அந்த விதிவிலக்கு?"

"அதுவும்."

"அஞ்சு வாரமா மனப்பாடம் பண்ணியிருக்கேன் அண்ணா! தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இப்ப எதை நம்பறது நான்? எது இருக்கு, எது இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை, சாஞ்ச எழுத்துன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முதல் பக்கத்தைப் படிக்கல. என் புத்திக் குறைவுதான்."

"போங்க அண்ணா. இப்ப எங்கிட்ட பேசாதீங்க."

மெக்கானிக் போனார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை, படியில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்து செக்கர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு அங்கே வந்தார். கண் சிவந்திருந்தது. கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை.

"தனியா ஒரு பட்டியல் படிச்சுக் கொடுத்துட்டுத் தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க. அந்தந்த இடத்துல, அங்கேயே சொல்லணும். எனக்கப்புறம் இதைக் கேக்கறவங்களும் ஏமாறக்கூடாது."

"எத்தனை நாள் தருவே?"

"அஞ்சு. மிச்ச ஆறு நாள் எனக்கு வேணும். மறக்கறதுக்கு."

கடைக்குப் பூட்டு விழுந்தது. காலையிலேயே மெத்தை அறை. மனைவியும் கூட வந்தார், கையில் பென்சிலோடு. பக்கத்தைப் பிரித்ததும் சாய்ந்த எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்டுத் தருவார். மெக்கானிக் "நீக்கப்பட்டது, ஆரம்பம்" என்பார், படிப்பார், "நீக்கப்பட்டது, முடிந்தது" என்பார். பொறுப்பாளர் அம்மா தன் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, பழைய பதிவை வெட்டி, புதியதை அந்தந்த இடத்தில் ஒட்டினார். மூன்றாம் நாள் மெக்கானிக்கிற்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். மனைவி, எண்ணியதில் ஏதாவது தப்பியிருக்குமோ என்று, அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி ஒரு முறை விரல் வைத்துப் பார்த்தார். தப்பவில்லை. தொண்ணூற்று நான்கேதான். கடைசியாக, அந்த 'வாசகர்களுக்கு' குறிப்பைப் படித்து, பதிவின் தலையில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கோப்பு செக்கர் கைக்குப் போயிற்று. வாங்கிக்கொண்டார். "சரி" என்றார்.

பரீட்சையும் வந்தது, போயிற்று. செக்கர் விடை சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதினாராம். எப்படி எழுதினார் என்று மெக்கானிக்கிற்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை. செக்கர் லீவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். போன் இல்லை. மெக்கானிக் காலையில் செய்தித்தாள் படிப்பதையே நிறுத்திவிட்டார். "படிங்களேன், கடையே என்னமோ மாதிரி இருக்கு" என்று மனைவியே கெஞ்சும் நிலைமை வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் ஒரே கணக்குத்தான்: அவ தோத்துட்டா, என்னாலதான் தோத்தா, அதைச் சொல்ல மனசு வராமத்தான் பேசாம இருக்கா.

ஏழாவது வாரம், முற்பகல் பதினோரு மணிக்கு, கடை வாசலில் கைத்தடி சத்தம் கேட்டது. மெக்கானிக் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார். மனைவி ஓடிப்போய் செக்கரின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அம்பத்தி நாலு அண்ணா," என்றார் செக்கர். "பாஸுக்கு அம்பது. ஆறு மார்க் கேள்வி ஒண்ணு, உங்க தொண்ணூத்தி நாலு இடத்துல இருந்து வந்துச்சு."

மெக்கானிக் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். நாற்பத்தெட்டு. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் சொல்லாம இருந்திருந்தா…"

"தோத்திருப்பேன். ஏன் தோத்தேன்னும் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏம்மா இத்தனை நாள் பேசல? நான் செத்துப் பிழைச்சேன்."

"கோபம்தான் அண்ணா. முதல்ல உங்க மேல. அப்புறம் அது மாறிடுச்சு." செக்கர் தடியை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார். "அக்கா வீட்ல உக்காந்து யோசிச்சேன். பதிமூணு வருஷமா மத்தவங்க படிச்சுத்தான் நான் புத்தகம் கேக்கறேன். ஐநூறு, அறுநூறு புத்தகம் இருக்கும். எத்தனை பேரு எத்தனை இடத்துல எதை விட்டாங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்ட மட்டும்தானா தப்பு வந்திருக்கும்? ஆனா பாருங்க, இந்தப் பதிமூணு வருஷத்துல ஒருத்தர்கூட வந்து 'நான் இதைச் சொல்லாம விட்டுட்டேன்'னு சொன்னதில்ல. நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. அன்னைக்கு உங்களைப் போங்கன்னு வேற சொல்லிட்டேன்."

மெக்கானிக் எண்ணெய்த் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அழுறாரும்மா," என்றார் மனைவி.

"மைக் இல்லாமலே கேக்குது அக்கா," என்றார் செக்கர்.